கந்தோர் மொனிட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்

போன மாதம் எங்கட கந்தோரில் பழைய சாமான் அறையைத் துப்புரவாக்கினோம். உள்ளே நாலைந்து பெட்டி மொனிட்டர்கள், தூசி அப்பி, ஒராள் தனியத் தூக்க ஏலாத பாரத்தில் கிடந்தன. அதில் ஒன்றின் முகப்பில் 'டிசிஓ 99' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கொம்பியூட்டர் பழகிய கனபேருக்கு அது ஞாபகம் இருக்கும். நெட் கபேயில் மணித்தியாலக் கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஏதோ கொம்பனியின் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு தொழிற்சங்கத்தின் பெயராம்!

சுவீடனில் கந்தோர் வேலைக்காரர்களின் சங்கங்கள் பல சேர்ந்த சம்மேளனம்தான் டிசிஓ. வங்கி ஊழியர், தாதியர், ஆசிரியர், எழுதுவினைஞர் எல்லாரும் அதில் இருந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். சரி, ஒரு தொழிற்சங்கத்தின் பெயர் கிழக்காசியாவில் செய்த மொனிட்டரில் ஏறி எங்கட ஊர் வரைக்கும் வந்தது எப்படி?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கந்தோர்களில் தட்டச்சு இயந்திரம் இருந்த மேசைகளுக்குத் திரைகள் வந்தன. 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியோடு விற்ற மொனிட்டர், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக் காட்டுவது. ஒரு வரிக்கு 80 எழுத்து. ஏன் 80? 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நிரல்கள் இருந்தன, அவ்வளவுதான். ஆரின்ட கண்ணையும் அளந்து எடுத்த கணக்கில்லை அது. இத்தனைக்கும் 1973இலேயே செரொக்ஸின் ஆய்வுகூடத்தில் செய்த ஆல்ட்டோ என்ற கொம்பியூட்டருக்குத் திரை ஒரு கடதாசித் தாளைப்போல நெடுக்காக நின்றது, வெள்ளையில் கறுப்பு எழுத்தோடு. அது கடைக்கு வரவேயில்லை.

இந்தத் திரைகளுக்கு முன்னால் நாள் முழுக்க இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தரவு பதிபவர்கள், தொலைபேசி இயக்குநர்கள், வங்கி எழுதுவினைஞர்கள். திரையைத் தெரிவு செய்தது அவர்கள் இல்லை. தலையிடிக்குது, கண் எரியுது, கழுத்து நோகுது என்று சொன்னால் மேலிடத்தில் பெரிதாக எடுக்கவில்லை. 1980இல் கனடாவின் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையில், விளம்பரப் பகுதியில் திரைகளில் வேலைசெய்த பெண்கள் நால்வருக்குக் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்த செய்தி வெளிவந்ததும், திரையிலிருந்து கதிர்வீச்சு வருகுதோ என்ற பயம் நாடு நாடாகப் பரவியது.

சுவீடனில் அந்தப் பயத்தை அளவுகோலாக மாற்றினார்கள். 1987இல் திரைகளின் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அளக்க எம்பிஆர் என்ற முறை வந்தது, 1990இல் அதன் இறுக்கமான இரண்டாம் பதிப்பு. டிசிஓவுக்கு அது காணாது. 1992இல் தானே ஒரு முத்திரையை உருவாக்கியது. எம்பிஆர் திரைக்கு முன்னால் 50 சென்ரிமீற்றர் தூரத்தில் அளந்தது, டிசிஓ 30இல் அளந்தது. சும்மா இருக்கும்போது மொனிட்டர் தானாக மின்சாரத்தைக் குறைக்கவேணும் என்றும் கேட்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அது சட்டமே இல்லை. எந்தக் கொம்பனியையும் கட்டாயப்படுத்த டிசிஓவுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதன் உறுப்பினர்கள் கந்தோர்களுக்குள்ளேயே இருந்தார்கள். திரை வாங்கும்போது முத்திரை உள்ளதை வாங்குங்கோ என்று அவர்கள் கேட்கக் கேட்க, முத்திரை இல்லாமல் விற்பது கடினமாயிற்று. சுவீடனுக்கு ஒரு வகை, மற்ற நாடுகளுக்கு இன்னொரு வகை என்று செய்வது கொம்பனிகளுக்குச் செலவு. அதனால் முத்திரை உலகம் முழுக்கப் போனது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு வழி பார்த்தார்கள். 1990இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் திரை வேலைக்கென ஒரு சட்டமே போட்டது. 1992இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

ஒன்றை மறைக்கக்கூடாது. 1991இல் அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிறுவனம் தொலைபேசி இயக்குநர்களில் செய்த ஆய்வு வெளிவந்தது. திரையில் வேலைசெய்தவர்களுக்கும் அந்தத் திரை இல்லாமல் அதே மாதிரி வேலை செய்தவர்களுக்கும் கருச்சிதைவில் வித்தியாசம் இல்லை. அப்ப, பயந்தது பிழையா? கதிர்வீச்சு விசயத்தில் பெரும்பாலும் பிழைதான். ஆனால் எரிந்த கண் பொய் இல்லை. திரையின் நடுக்கம், கண்ணாடியில் விழுகிற வெளிச்சத்தின் பிரதிபலிப்பு, மங்கிய எழுத்து, இதெல்லாம் உண்மையான நோவுகள். கதிர்வீச்சுப் பயத்தால் திறந்த கதவு வழியாக இந்தக் குறைகளும் உள்ளே போய்ச் சேர்ந்தன. டிசிஓ 99, திரை செக்கனுக்கு 85 தடவையாவது புதுப்பிக்கப்படவேணும் என்று கேட்டது நடுக்கத்தைப் போக்கத்தான். பகிடி என்னவென்றால், அந்த ஸ்டிக்கர் ஒட்டிய எங்கட மொனிட்டர்கள் பலதும் கடைசிவரை 60இலேயே ஓடின. செற்றிங்கை மாற்றலாம் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.

பிறகு தட்டைத் திரை வந்தது. பழைய நடுக்கமும் பாரமும் போயின. ஆனால் அடுத்த முடிவில் கந்தோர்க்காரரின் குரல் கேட்கவேயில்லை. முதல் வந்த 17, 19 இஞ்சித் தட்டைத் திரைகள் கிட்டத்தட்டச் சதுரம், அகலம் ஐந்துக்கு உயரம் நாலு. 2008ஐ அண்டிய வருடங்களில் மொனிட்டர்கள் தொலைக்காட்சியின் 16க்கு 9 என்ற வடிவத்துக்கு மாறின. தொலைக்காட்சிக்கும் மொனிட்டருக்கும் ஒரே அளவுவிகிதத்தில் கண்ணாடியை வெட்டினால் தொழிற்சாலைக்கு மலிவு. கடிதமும் கணக்கும் செய்பவருக்கு வேண்டியது உயரம், கிடைத்தது அகலம்.

மூலைக்கு மூலை அளந்து சொல்வதால் இது வாங்குபவருக்கு விளங்குவதில்லை. பழைய 17 இஞ்சிச் சதுரத் திரையின் உயரம் 27 சென்ரிமீற்றர். இப்ப விற்கிற 21.5 இஞ்சி அகலத்திரை 26.8தான். பழைய 19 இஞ்சி 30 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். புது 24 இஞ்சி 29.9. ஐந்து இஞ்சி கூடக் காசு கொடுத்தும் திரையின் உயரம் கூடவில்லை.

எங்கட கந்தோரில் அறை துப்புரவாக்கியதே புது மொனிட்டர் வைக்கத்தான். மூன்று கொட்டேஷன் எடுத்திருந்தார்கள், மூன்றும் 21.5 இஞ்சி, ஆகக் குறைந்ததைத் தெரிவு செய்யப்போகினம். நாள் முழுக்கக் கடிதம் அடிக்கிற அக்காவிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன். "தாள் முழுசாத் தெரிஞ்சாக் காணும் தம்பி, மேலயும் கீழயும் உருட்டி உருட்டிக் கை நோகுது" என்றா. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்ரிமீற்றர்.

அடுத்த நாள் ஒரு ஏ4 தாளை மடிக்காமல் பைலுக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போனோம், அக்காவும் நானும். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். அக்கா ஒவ்வொரு திரையாகத் தாளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு போனா.