எடை மெஷின்ல ஆரம்பிக்கிற சண்டை

1/ கத்திரி வெயில் நேரம். ஒரு சனிக்கிழமை ராத்திரி, பெரம்பலூர் பக்கத்து கிராமத்துலேர்ந்து 19 வயசு தம்பி ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. தொடை தசை கல்லு மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கு. நாக்கு வறண்டு கிடக்கு. காலையிலேர்ந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர், அதுவும் டீ டிகாஷன் நிறத்துல. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ "என்னப்பா பண்ணுன?"
"55 கிலோ கபடி சார். நான் 58 அரை இருந்தேன். ரெண்டு நாள் தண்ணி குடிக்கல. மழைக்கோட்டு போட்டுக்கிட்டு வெயில்ல ஓடுனேன்."
"யாரு சொல்லிக் குடுத்தா?"
"போன்ல பாத்தேன் சார். யூஎஃப்சி ஃபைட்டருங்க எல்லாம் இப்படித்தான் குறைக்கிறாங்க."

3/ லாஸ் வேகாஸ் பழக்கம் அரியலூர், பெரம்பலூர் கபடி மைதானத்துக்கு எப்படி வந்துச்சு? இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அதுல 2005-ல வந்த ஒரு டிவி ரியாலிட்டி ஷோவுக்குப் பெரிய பங்கு உண்டு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

4/ யூஎஃப்சி தொடங்கினது 1993, அமெரிக்காவின் டென்வர் நகரத்துல. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜுஜுட்சு எல்லாம் கலந்த சண்டை. முதல் போட்டியில எடைப் பிரிவே கிடையாது. மலை மாதிரி சுமோ வீரரும் ஒல்லியான ஆளும் ஒரே கூண்டுக்குள்ள. கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது. விதின்னு பார்த்தா கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

5/ 1996-ல செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை "மனிதச் சேவல் சண்டை"ன்னு சொல்லி, 50 மாநில ஆளுநர்களுக்கும் தடை பண்ணச் சொல்லிக் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை போட்டன. கேபிள் நிறுவனங்களும் ஒளிபரப்பை நிறுத்தின.

6/ பிழைக்கணும்னா மாறணும். கையுறை வந்துச்சு, ரவுண்டு வந்துச்சு, டாக்டர் சண்டையை நிறுத்தலாம்னு விதி வந்துச்சு. முக்கியமா எடைப் பிரிவு வந்துச்சு. பெரியவன் சின்னவனை அடிச்சு நொறுக்கக் கூடாதுங்கிறதுக்காக வந்த பாதுகாப்பு அது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

7/ 2001-ல ஃபெர்டிட்டா சகோதரர்கள் 20 லட்சம் டாலருக்கு யூஎஃப்சியை வாங்கினாங்க. கோடி கோடியா நஷ்டம். கடைசி முயற்சியா சொந்தக் காசு 1 கோடி டாலர் போட்டு ஒரு ரியாலிட்டி ஷோ எடுத்தாங்க. அதுதான் "தி அல்டிமேட் ஃபைட்டர்". முதல் சீசன் 2005 ஜனவரி 17 அன்னைக்கு ஸ்பைக் டிவியில தொடங்குச்சு.

8/ 16 வீரர்கள், ஒரே வீடு, ரெண்டு அணி. பயிற்சியாளர்கள் சக் லிடெல், ராண்டி கூட்டூர். நம்ம பிக் பாஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க, ஆனா நேயர் ஓட்டு கிடையாது. பெரும்பாலும் கூண்டுக்குள்ள தோத்தவர்தான் பெட்டியைக் கட்டணும். பரிசு, யூஎஃப்சி ஒப்பந்தம்.

9/ ரெண்டே எடைப் பிரிவு: சுமார் 84 கிலோ, 93 கிலோ. பாபி சவுத்வொர்த்ங்கிற வீரர் 93-க்கு இறங்கத் திணறினது அந்த சீசன்ல மறக்க முடியாத காட்சி. எப்படியோ இறங்கி, அந்தச் சண்டையில ஜெயிக்கவும் செஞ்சார். பார்த்தவங்க மனசுல என்ன பதியும்? "மன உறுதி இருந்தா எடை இறங்கும்." அவர் சிறுநீரகம் என்ன பாடுபட்டுச்சுன்னு எந்த கேமராவும் காட்டாது.

10/ ஏப்ரல் 9, இறுதிப் போட்டி. ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போன்னரும் 15 நிமிஷம் விடாம அடிச்சுக்கிட்டாங்க. மூணு நடுவரும் 29-28ன்னு கிரிஃபினுக்குக் கொடுத்தாங்க. ஆனா தோத்த போன்னருக்கும் ஒப்பந்தம் கிடைச்சுது. யூஎஃப்சி தப்பிச்சதே அந்தச் சண்டையாலதான்னு இன்னைக்கும் சொல்வாங்க. 2016-ல அதே நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு விலை போச்சு.

11/ அலை இந்தியாவுக்கும் வந்துச்சு. 2012-ல சஞ்சய் தத், ராஜ் குந்த்ரா சேர்ந்து சூப்பர் ஃபைட் லீக் தொடங்கினாங்க. 2023-ல சுனில் ஷெட்டியோட "குமிட்டே 1 வாரியர் ஹன்ட்"ங்கிற ரியாலிட்டி ஷோ எம்எக்ஸ் பிளேயர்ல வந்துச்சு. அப்புறம் ஷார்ட்ஸ், ரீல்ஸ். இப்போ நம்ம பசங்க கையிலேயே எல்லாம் இருக்கு.

12/ இப்போ டாக்டரா பேசறேன். ரெண்டு நாள்ல குறையற 3 கிலோவுல கொழுப்பு ரொம்பக் கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணி. தண்ணி குறைஞ்சா ரத்தத்தோட அளவு குறையும், இதயம் வேகமா அடிக்கும், சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் சுருங்கும். வியர்வை ஆற வழியில்லாம மழைக்கோட்டுக்குள்ள ஓடினா உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும்.

13/ அந்தச் சூட்டுல தசை சிதையும். அதுலேர்ந்து வெளியேறற மயோகுளோபின்தான் சிறுநீரை டிகாஷன் நிறமாக்குது. அது சிறுநீரகத்தை அடைக்கும். பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே நின்னு போகலாம். 19 வயசா 60 வயசான்னு பொட்டாசியம் பார்க்காது.

14/ மிகைப்படுத்தல. 1997 கடைசியில அமெரிக்காவுல ஒன்றரை மாசத்துக்குள்ள மூணு கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கப் போய் இறந்தாங்க. 2015 டிசம்பர்ல மணிலாவுல சீன வீரர் யாங் ஜியான்பிங், வயசு 21, எடை பார்க்கறதுக்கு முன்னாடியே சரிஞ்சு விழுந்து இறந்தார். மூணு மாணவர்களும் சரி, இவரும் சரி, யாரும் எதிராளி அடிச்சு சாகல.

15/ 2024 பாரிஸ்ல நம்ம வினேஷ் போகத்தை ஞாபகம் இருக்கா? ராத்திரி முழுக்க வியர்வை சிந்தியும் 100 கிராம் கூட. பதக்கம் போனதுக்கு நாம எல்லாரும் அழுதோம். அந்த ராத்திரி அவங்க உடம்பு பட்ட பாட்டைப் பத்தி எத்தனை பேர் பேசினோம்?

16/ 6-வது ட்வீட்டுக்கு வருவோம். சின்னவனைக் காப்பாத்த வந்த எடைப் பிரிவுல, பெரியவன் உடம்பைப் பிழிஞ்சு சின்னவன் பிரிவுக்குள்ள நுழையப் பார்க்கிறான். எல்லாரும் அதையே செய்யும்போது யாருக்கும் லாபம் இல்ல. எல்லாருமே காஞ்சு போய் களத்துல நிக்கறாங்க, அவ்வளவுதான்.

17/ மத்தவங்க பாடம் கத்துக்கிட்டாங்க. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்துல நீராவி அறை, ரப்பர் உடைக்குத் தடை போட்டு, எடை பார்க்கிற நேரத்தைப் போட்டிக்குப் பக்கத்துல கொண்டு வந்தாங்க. யாங் இறந்த பிறகு ஒன் சாம்பியன்ஷிப் சிறுநீர் சோதனையைக் கொண்டு வந்துச்சு. உடம்புல தண்ணி இல்லன்னா எடை சரியா இருந்தும் தேர்ச்சி இல்ல.

18/ ஊர்ல கபடி நடத்தற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். எடை பார்க்கும்போதே "கடைசியா எப்ப தண்ணி குடிச்ச, எப்ப ஒண்ணுக்குப் போன"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. மயக்கமா, தள்ளாடிக்கிட்டு வர்றவரை இறக்காதீங்க. நிழல், தண்ணி, ஓஆர்எஸ் கரைசல் வையுங்க. கோப்பையை விட இது செலவு கம்மி.

19/ தம்பிங்களா, உங்க இயல்பான எடையில விளையாடுங்க. பிடிப்புக்குன்னு வலி மாத்திரை போடாதீங்க, காஞ்ச சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. சிறுநீர் டிகாஷன் நிறமாப் போனா, குழப்பமாப் பேசினா, வாந்தி நிக்கலன்னா விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

20/ நம்ம தம்பி? அஞ்சு நாள் டிரிப்ஸ். டயாலிசிஸ் வரைக்கும் போகாம கிரியாட்டினின் இறங்கிருச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவங்கம்மா கேட்டாங்க, "இனி கபடிக்கே விட வேணாமா சார்?" கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துட்டு, ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துட்டு, தாராளமா விடுங்கம்மான்னேன். தம்பி மெதுவா சொன்னார், "அடுத்த வருஷம் 60 கிலோ பிரிவுல இறங்கறேன் சார்." இந்த த்ரெட்டை உங்க ஊர் கபடிக் குழு வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க.