இரவல் மாடு பூட்டிய கலப்பை

எண்ணூர்ல கன்டெய்னர் யார்டுல வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன வாரம் வள்ளூருக்கு வந்திருந்தான். டீ குடிச்சிக்கிட்டே கேட்டான். "அண்ணே, ஓப்பன் சோர்ஸ்னு நம்பி ஆபீஸ்ல எல்லாத்தையும் அதுல ஏத்தினோம். இப்ப லைசென்சை மாத்திட்டு காசு கேக்குறாங்க. அப்புறம் என்ன ஓப்பன்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க :-)

2000களின் தொடக்கத்துல கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கிறது பெரிய கூத்து. டாம், டாப், டிஸ்கி, யூனிகோடுன்னு ஆளுக்கொரு குறியாக்கம். நான் அடிச்சது உங்க மெஷின்ல ஜிலேபியாத்தான் தெரியும். அந்தக் காலத்துல வந்ததுதான் எ-கலப்பை. முகுந்தராஜ் 'தமிழா' குழு மூலமா இலவசமா கொடுத்தார். மீஞ்சூர் பிரவுசிங் சென்டர் அண்ணாச்சிகிட்ட கெஞ்சித்தான் அதை இன்ஸ்டால் பண்ணுவேன். "வைரஸ் வந்தா நீதாம்ப்பா பொறுப்பு"ன்னு முறைப்பார். ஆங்கில எழுத்துல அம்மான்னு தட்டினா திரையில தமிழ்ல அம்மா வரும். அப்ப வந்த சந்தோஷத்தை இப்ப விளக்கிச் சொல்றது கஷ்டம்.

ஆனா ஒரு சங்கதி அப்ப எனக்குத் தெரியாது. கலப்பை நம்மளது, மாடு இரவல். எ-கலப்பையின் முதல் பதிப்புகள் ஓடினது கீமேன் என்ற எஞ்சின் மேல. மார்க் டர்டின் 1993ல் ஆரம்பிச்சது அது. அவரோட டவுல்டெசாஃப்ட் நிறுவனத்தின் வணிக மென்பொருள், மூலநிரல் பூட்டிக் கிடந்தது. அவர் நல்லவர்தான், குறை சொல்லலை. ஆனா புது விண்டோஸ் வந்து எஞ்சின் மக்கர் பண்ணினா நாம உள்ளே கை வைக்க முடியாது. விலை ஏத்தினாலும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். இலவசமும் சுதந்திரமும் வேற வேறன்னு எனக்கு உறைச்சது இங்கேதான்.

முகுந்த் என்ன பண்ணினார்? மூன்றாம் பதிப்பைக் கீமேன் இல்லாம புதுசா எழுதி, ஜி.பி.எல். உரிமத்துல மூலநிரலோட வெளியிட்டார். சம்பளம் கிடையாது, வேலை நேரம் போக மிச்ச நேரத்துல.

வெளியுலகத்துலயும் இதே கதைதான், அளவுதான் பெரிசு. 2010ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போச்சு. அதே வருஷம் செப்டம்பர் 28 அன்னைக்கு ஓப்பன் ஆபீஸ்காரங்க பலர் வெளியே வந்து லிப்ரே ஆபீஸ் தொடங்கினாங்க. அது இன்னைக்கும் வளருது. பழைய ஓப்பன் ஆபீஸ் 2014ல் வந்த 4.1 வரிசையிலேயே தேங்கிக் கிடக்கு. ரெடிஸ் 2024 மார்ச் 20 அன்னைக்கு உரிமத்தை இறுக்கினதும் எட்டே நாள்ல வால்கி பிறந்தது. மறு வருஷமே ரெடிஸ் இறங்கி வந்து ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் சேர்த்துக்கிச்சு.

எட்டு நாள்! இதைப் பார்த்து மயங்கிடாதீங்க. வால்கி பின்னாடி அமேசான், கூகுள் எல்லாம் நின்னாங்க, அவங்க பிழைப்பே அதுல மாட்டியிருந்தது. தமிழுக்கு அமேசானா வரும்? நமக்குக் கிடைச்சது ராத்திரி முழிச்ச சில பேர்தான். உரிமம் கதவைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். வெளியே போய் வீடு கட்ட ஆள் வேணும்.

ஒரு வேடிக்கை பாருங்க. பூட்டிக் கிடந்த கீமேனை 2015ல் எஸ்.ஐ.எல். என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு வாங்கி, அப்புறம் இலவசமாவும் திறமூலமாவும் ஆக்கிடுச்சு. இரவல் மாடே பொதுமாடு ஆயிடுச்சு! எ-கலப்பையைத்தான் இப்ப தேடுறவங்க குறைவு. காசு அதைக் கொல்லலை. விண்டோஸ்லயும் போன்லயும் தமிழ் விசைப்பலகை தானாவே வந்துடுச்சு.

எல்லாம் சொல்லி முடிச்சு தம்பிகிட்ட கேட்டேன், "பழைய உரிமத்துல இருந்த பதிப்பை யாராவது எடுத்து நடத்துறாங்களா, பாத்தியா?"

"தெரியலைண்ணே. இதுவரைக்கும் யாரும் தேடலை," என்றான்.