நோன்பாளி விழுந்த கிணறு

தவக்காலம் வந்ததும் ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் பழஞ்சொற்கள் நம் இல்லங்களில் மீண்டும் ஒலிக்கின்றன. நல்லதே. ஆயினும், நோன்புக்கென்றே பாலைவனம் புகுந்தோரின் வரலாறு நமக்கோர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றிருக்கிறது.

கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தியத் துறவிகளிடம் பயின்றவர் யோவான் காசியான். பின்னாளில் மர்சேய் நகரில் மடங்களை நிறுவிய அவர், 420-களில் எழுதிய 'உரையாடல்கள்' என்னும் நூலில் ஏரோன் என்ற முதியவரைப் பற்றிக் கூறுகிறார். ஏரோன் 50 ஆண்டுகள் பாலைவனத்தில் கடுந்தவம் புரிந்தவர். ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழாவன்று துறவியர் அனைவரும் ஆலயத்தில் கூடுவர். ஏரோன் அன்றும் வருவதில்லை. அவர்களோடு சிறிது பருப்பு உண்டாலும் தம் நோன்பு தளர்ந்ததாகத் தோன்றுமோ என அஞ்சினார்.

இறுதியில், வானதூதர் வடிவில் வந்த அலகையை நம்பினார். தம் புண்ணியத்தின் பொருட்டுத் தீங்கேதும் தம்மை அணுகாதெனக் கருதி, நள்ளிரவில் ஆழ்கிணற்றில் குதித்தார். சகோதரர் அரும்பாடுபட்டு மீட்டும், மூன்றாம் நாள் இறந்தார். தாம் ஏமாற்றப்பட்டதை இறுதிவரை அவர் ஏற்கவில்லை என்பதே பெருந்துயர்.

அவர் தவறியது பசியைத் தாங்கியதில் அன்று; தம் தீர்ப்பை மட்டுமே நம்பி, சகோதரரின் அறிவுரைக்குப் பணிய மறுத்ததில்.

அதே எகிப்தில் வேறொரு காட்சியையும் காசியான் கண்டார். விருந்தினர் வந்தால் முதியோர் தம் அன்றாட நோன்பை முறித்து உடன் உண்டனர். காரணம் கேட்டபோது ஒருவர் விளக்கினார்: நோன்பு என்றும் தம்மோடிருக்கும், விருந்தினரோ சென்றுவிடுவார், அவரில் வருபவர் கிறிஸ்துவே.

ஆண்டவர் கூறிய உவமையிலும் (லூக்கா 18) பரிசேயர் வாரம் இருமுறை நோன்பிருந்தது பொய்யன்று. தொலைவில் நின்ற வரிதண்டுபவரோடு தம்மை ஒப்பிட்டதே அந்நோன்பைக் கெடுத்தது.

1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் திருத்தியமைத்தார். இன்று திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியுமே கட்டாய நோன்பு நாள்கள். எஞ்சிய நாள்களில் நாமே விரும்பி மேற்கொள்வதில்தான் செருக்கு எளிதில் நுழைகிறது. நோயாளியையும், கூலி வேலை முடித்து வந்து உண்பவரையும் தாழ்வாக நோக்கினால், நாமும் அக்கிணற்றின் விளிம்பில் நிற்கிறோம்.

ஆகவே, நாம் ஏற்கும் நோன்பை ஆன்மகுருவிடம் சொல்லி, அவர் குறைக்கச் சொன்னால் குறைப்போம். மிச்சப்படும் உணவை ஏழையோடு பகிர்வோம். உயிர்ப்பு நாளில் எல்லாரோடும் ஒரே பந்தியில் மகிழ்ந்து அமர்வோம்.