கட்டு யாருடையது?

எல்லை தாண்டினால் கர்நாடகம் என்றிருக்கும் மத்திகிரியில் படித்த நமக்கு மைசூர் அந்நியமில்லை. அதை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு (1794–1868) சீட்டாட்டத்தில் அப்படி ஒரு பித்து. தசாவதாரக் கஞ்சிபாவில் 10 அவதாரம், தலைக்கு 12, ஆக 120 சீட்டு. அவரோ தாமே புது ஆட்டங்கள் வகுத்து, ஒன்றில் 360 சீட்டு வரை போனார்! ஆனாலும், ஹாஸ்டலில் நாங்கள் ஆடிய ரம்மி போலவே, எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. வந்த கையை வைத்துத்தான் ஆட்டம்.

1993-ல் அமெரிக்கக் கணிதக்காரர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்தில் இதை மாற்றினார். சீட்டுகளை வாங்கி, நண்பர்களிடம் மாற்றி, அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். காசுள்ளவன் பாடு கொண்டாட்டம். நல்ல சீட்டையே எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். 1994-ல் போட்டிகளுக்கு விதி வந்தது: கட்டில் குறைந்தது 60 சீட்டு, ஒரே சீட்டு 4-க்கு மேல் கூடாது (சக்தி தரும் அடிப்படை நிலச் சீட்டுக்கு மட்டும் விலக்கு). ஆட்டத்தைக் காப்பாற்றியதே அந்த 4 தான் என்பேன்.

தம்பி தங்கைகளே, தொடங்கப் போறீங்களா? 60-ல் சுமார் 24 நிலச் சீட்டு வையுங்கள். மோட்டாருக்குக் கரண்ட் மாதிரி அது. இல்லாவிட்டால் கை நிறையச் சீட்டு இருந்தும் சும்மா உட்கார வேண்டியதுதான். இரண்டு நிறத்தோடு நிறுத்துங்க. 61-வது சீட்டு எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம். தேவையான சீட்டு கைக்கு வருவது தள்ளிப்போகும்.