ஹேவாஹெட்டப் பொட்டலும் பேராதனை மேடையும்

கண்டிக்குத் தென்கிழக்கே கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக உயர்ந்து செல்லும் மலைச்சரிவுகளைச் சேர்ந்தது ஹேவாஹெட்ட. கண்டி அரசில் இது தனியொரு நிர்வாகப் பிரிவாக இருந்தது. 1664இல் நிலம்பேயில் கலகம் மூண்டபின் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் வந்து தங்கிய ஹங்குரன்கெத்த இதற்குள் அடங்கும். பிரித்தானியர் காலத்தில் காடு வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1867இல் இங்குள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. அந்தத் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறியவர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரோடு வந்த குடும்பங்கள். அவர்களுடைய கூத்துகளும் அவர்களோடு வந்தன.

அவற்றுள் முதன்மையானது காமன் கூத்து. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவையும் ஆடப்பட்டன என்றாலும், தோட்டத்து மக்கள் எல்லாரையும் ஒரே களத்துக்குக் கொண்டுவந்தது காமன் கூத்துத்தான். மாசி மாதத்து அமாவாசையை அடுத்து, காமன் பொட்டல் எனப்படும் வெளியில் கம்பம் நடப்படும். அன்றுமுதல் இரவுதோறும் தப்பு முழங்கும். ரதியும் மதனும் வேடமிட்டு லயம் லயமாக ஆடிச் செல்வார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் தூதன், வீரபத்திரன், எமன், சிவன் என வேடங்கள் ஒவ்வொன்றாகப் பொட்டலுக்கு வரும். விடியுமுன் காமன் எரிக்கப்படுவான். பின்பு ரதியின் வேண்டுதலால் உயிர்பெறுவான். ரதியாக ஆடியவரும் ஆணே. பாட்டும் அடவும் கூத்து வாத்தியாரிடமிருந்து வாய்மொழியாகவும் கையெழுத்து ஏடுகள் வழியாகவும் அடுத்த தலைமுறைக்குச் சென்றன. பகலெல்லாம் கொழுந்து பறித்தும் மலை வெட்டியும் களைத்தவர்கள் இத்தனை நுணுக்கமான ஓர் இரவை ஆண்டுதோறும் தாமே உருவாக்கினார்கள் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியல்ல.

இதே மலையின் சிங்களக் கிராமங்களில் கண்டி நடனம் வேறொரு வழியில் வாழ்ந்தது. கோவில் நிலத்தை உழுது உண்ணும் குடும்பங்கள் அதற்கு ஈடாக ஆடவும் மேளம் அடிக்கவும் கடமைப்பட்டிருந்தன. கொஹொம்ப கங்காரிய என்னும் பெருஞ்சடங்கே அந்த நடனத்தின் தாய்வீடு. அரசுக்குக் கட்டாயச் சேவை செய்யும் இராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டபோதும் கோவில் நிலங்களில் அந்தக் கடமை நீடித்தது. 1870இல் வந்த சட்டம் சேவைக்குப் பதில் பணம் செலுத்த இடமளித்தது. நிலத்தோடு இருந்த கட்டு தளர்ந்த பின்னரே ஆட்டக்காரர் சடங்குக்கு வெளியே ஆடத் தொடங்கினர். 1880களில் ஜெர்மன் காட்சி நடத்துநர் ஹாகன்பெக்கின் குழுக்களோடு ஐரோப்பாவுக்குச் சென்றவர்களும் உண்டு. வேடிக்கைப் பொருளாகக் காட்டப்பட்ட அந்தப் பயணங்களைக் கலைப் பயணம் என்று சொல்ல மனம் ஒப்பாது.

மேடைக்கென்றே புதிய ஆட்டங்களை உருவாக்கி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் குழு என்ற எண்ணம் 1934இல் தாகூரின் வருகையோடு வலுப்பெற்றது. 'சாபமோசன்' நாட்டிய நாடகத்தோடு வந்த அவருடைய சாந்திநிகேதன் குழு யாழ்ப்பாணம் வரை சென்றது. அதனால் தூண்டப்பட்ட தலைமுறையில் ஒருவர் சித்ரசேன (1921–2005). கண்டி நடன ஆசான்களிடம் பயின்றவர், திருவிதாங்கூரில் கோபிநாத்திடம் கதகளியும் கற்றார். 1940களில் அவர் கொழும்பில் அமைத்த குழு 'நள தமயந்தி' (1950), 'கரதிய' (1961) போன்ற புதிய ஆக்கங்களைத் தந்தது. அவருடைய மனைவி வஜிரா, ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆட்டத்தைப் பெண்ணின் தொழிலாகவும் ஆக்கினார்.

தமிழில் இதற்கு இணையான முயற்சி கண்டிக்கு அருகே பேராதனையில் தோன்றியது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே நிலைகொண்டது. 1956 நவம்பரில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் அரங்கேறியது. அதற்கு அடிப்படையான சிங்கள நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கூத்திலிருந்தே கிளைத்தது. தமிழ் வேரிலிருந்து வந்த ஒன்று சிங்கள மேடையில் இத்தனை மதிப்புப் பெறும்போது, அந்த வேர் ஊர்ப்புறங்களில் கவனிப்பாரின்றிக் கிடப்பதைத் தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் (1924–1989) உணர்ந்தார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், கிராமங்களுக்குச் சென்று கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைச் சந்தித்தார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். 'அலங்காரரூபன் நாடகம்' முதலிய ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பித்தார்.

அடுத்த கட்டமாகப் பல்கலைக்கழக மாணவர்களையே ஆடவைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', மறுஆண்டு 'நொண்டி நாடகம்', 1960களின் நடுவில் 'இராவணேசன்', பின்னர் 'வாலிவதை' என நான்கு ஆக்கங்கள் வந்தன. 'கர்ணன் போர்' மட்டக்களப்புக் கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடியைச் சேர்ந்தது. அதைப் பழக்க மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வந்தார். ஊரில் விடிய விடிய ஆடப்பட்டதை ஒன்றரை மணி நேரமளவுக்குச் சுருக்கினார்கள். நாற்புறமும் மக்கள் சூழ இருக்கும் வட்டக்களரிக்குரிய ஆட்டம், பார்வையாளர் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் படச்சட்ட மேடைக்கு மாற்றப்பட்டது. இந்த மாற்றம் இலேசானதல்ல. களரியைச் சுற்றிச் சுழலும் ஆட்டக்கோலங்களை முன்பக்கம் நோக்கித் திருப்ப வேண்டும். மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். மீண்டும் மீண்டும் வரும் பாட்டுகளில் எதை விடுவது என்று துணிய வேண்டும். பெண் வேடங்களில் மாணவிகள் ஆடினர். ஊர்க் கூத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு அந்த மாணவர்களில் ஒருவர். சிறுவயது முதலே கூத்துக்குள் வளர்ந்தவர். 'இராவணேசன்' பழைய ஏட்டின் சுருக்கமன்று. வித்தியானந்தனின் வழிகாட்டலில் மௌனகுரு புதிதாக எழுதிய பிரதி. வெற்றி தோல்விகளுக்கு அப்பால் இராவணனின் உள்ளத்து மோதலைக் கூத்தின் ஆட்டமுறையால் காட்ட முனைந்ததால் நான்கு முயற்சிகளிலும் இதுவே முதிர்ந்தது எனலாம். பேராதனையில் உருவான இவ்வாக்கங்கள் கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு உட்படப் பல இடங்களுக்குச் சென்றன. கூத்தைப் படிப்பறியாதோர் கலையென ஒதுக்கிய நகரத்துத் தமிழர் அதைக் காசு கொடுத்துப் பார்த்தது அப்போதுதான். மட்டக்களப்பிலிருந்து மலையேறிய கலை, வேறு உருவத்தில் மட்டக்களப்புக்கே திரும்பிப் போனது.

ஆயினும் பேராதனையிலிருந்து பேருந்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் எட்டக்கூடிய ஹேவாஹெட்டத் தோட்டங்களின் கூத்து இந்த நான்கு ஆக்கங்களிலும் இடம்பெறவில்லை. இதை ஒருவருடைய குறையாக மட்டும் கொள்வது நியாயமாகாது. ஊர் ஊராகச் செல்லும் குழுவுக்கு மண்டபம் வேண்டும், நுழைவுச்சீட்டு வாங்கக்கூடிய பார்வையாளர் வேண்டும், ஊருக்குள் நுழைய வழி வேண்டும். தோட்டங்களில் மண்டபமும் இல்லை, கையில் காசும் இல்லை. வெளியாள் உள்ளே வரத் தோட்டத் துரையின் அனுமதி தேவைப்பட்ட மரபும் நீண்டகாலம் நிலவியது. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டத்தில் மக்கள் ஒன்றுகூடுவதை நிர்வாகம் எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதற்கு அது போதிய சான்று. மாசி மாதக் கூத்து சாமி காரியம் என்பதால் அனுமதிக்கப்பட்டது.

அரசியலும் இடைவெளியை அகலமாக்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. பேராதனையில் 'இராவணேசன்' உருவானதும் இந்த ஒப்பந்தத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான். 'தேசியக் கலை' பற்றிய பேச்சு உயர்ந்து நின்ற நேரத்தில், நாட்டின் குடிகளாகவே ஏற்கப்படாதவர்களின் கூத்து அந்தப் பேச்சுக்கு வெளியே நின்றது. குடும்பங்கள் கப்பலேறியபோது வாத்தியாரும் தப்புக்காரரும் பிரிந்தனர். ஆட்டம் தெரிந்தவர் போன தோட்டத்தில் காமன் நடுவது நின்றுபோவது இயல்பே. மலையகத்தின் பாட்டுகளையும் வாழ்வையும் சி. வி. வேலுப்பிள்ளை எழுத்தில் பதிந்தார். காமன் கூத்தை ஆராய்ந்து எழுதும் பணியை மாத்தளை வடிவேலன் போன்றோர் பின்னாளில் மேற்கொண்டனர்.

வித்தியானந்தன் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். மௌனகுரு 2000க்குப் பின் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'இராவணேசன்' ஆக்கத்தை மீண்டும் மேடையேற்றினார். அதே காலத்தில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் 'கூத்து மீளுருவாக்கம்' என்ற வேறு பாதையை முன்வைத்தார். சுருக்கி மேடைக்குக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக, ஆடும் ஊர் மக்களே தம் களரியில் தம் கூத்தைத் திருத்தி ஆடுவது அந்தப் பாதை. காமன் கூத்து இன்றும் மாசியில் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஆடப்படுகிறது. அதை ஆடுபவர்களும் அதற்குச் செலவழிப்பவர்களும் தோட்டத்து மக்களே.