விலைச்சீட்டும் மேல்விலையும்: அமெரிக்கப் பிக்கப் வண்டிச் சந்தை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சந்தையிலே ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் நிலவுமாயின், அப்பொருளைச் சூழ்ந்துள்ள உறவுகளுள் எங்கோ ஒரு முரண்பாடு முதிர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் புதிய பிக்கப் வண்டி வாங்கச் சென்றோர் பலர் இத்தகைய இரட்டை விலையையே எதிர்கொண்டனர். வண்டியின் கண்ணாடியில் உற்பத்தியாளர் ஒட்டிய விலைச்சீட்டு ஒன்று. அதனருகே, 'சந்தை நிலைக்கேற்ற திருத்தம்' என்னும் பெயரில் விற்பனை முகவர் ஒட்டிய சீட்டு மற்றொன்று. இரண்டாவது சீட்டிலிருந்த தொகை சில வேளைகளில் ஆயிரக்கணக்கான டொலர்களாகவும், அரிய வண்டிகளுக்குப் பல்லாயிரம் டொலர்களாகவும் இருந்தது.

இது முகவரின் பேராசை என்றனர் சிலர். வாங்குவோரின் பகட்டு என்றனர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், பேராசையும் பகட்டும் எக்காலத்துக்கும் உரியவை. மேல்விலையோ சில காலங்களில் மட்டுமே தலைதூக்குவது. ஆகவே அதன் காரணத்தை மனித குணத்திற் காண்பதிலும், சந்தையின் அமைப்பிலும் அவ்வமைப்பு உருவாகிய வரலாற்றிலும் காண்பதே பொருத்தமானதாகும்.

கருவியாகப் பிறந்த வண்டி

பிக்கப் வண்டி ஓர் உழைப்புக் கருவியாகவே பிறந்தது. ஃபோர்ட் கம்பனி 1917இல் ஒரு தொன் பாரஞ் சுமக்கும் 'டிடி' அடிச்சட்டத்தை விற்பனைக்கு விட்டது. பின்பெட்டியைத் தச்சரிடமோ வேறு கம்பனியிடமோ தனியே செய்வித்துப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1925இல் 'மொடல் டி' வண்டி, ஆலையிலேயே பொருத்தப்பட்ட பின்பெட்டியுடன் 281 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அவ்வகையில் ஏறத்தாழ 34,000 வண்டிகள் அந்த ஆண்டிலே தயாராயின. அதனை வாங்கிய விவசாயியும் கட்டடத் தொழிலாளியும் அது சுமக்கக்கூடிய தானியத்தையும் செங்கல்லையும் கணக்கிட்டே அதன் விலையை மதிப்பிட்டனர். விலைக்கு அளவுகோலாக அமைந்தது அவ்வண்டி ஈட்டித்தரும் வருவாயே.

இவ்வண்டிகளை விற்ற முகவர்களின் நிலையும் இங்கு நோக்குதற்குரியது. முகவர் எனப்பட்டாலும், இவர்கள் கம்பனியின் ஊழியரல்லர். கடன் பெற்று வண்டிகளைத் தம் பெயரிற் கொள்முதல் செய்யும் தனி வணிகரே. இந்த ஏற்பாட்டினால் உற்பத்தியாளருக்குப் பணம் உடனே கிடைத்தது. விற்காத வண்டியின் சுமை முகவரின் தலையில் விழுந்தது. மந்த காலங்களில், கேளாத வண்டிகளையும் ஏற்கும்படி முகவர்கள் நெருக்கப்பட்டனர். அவர்களைக் காக்கும் சட்டங்கள் 1937இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாநிலங்களுக்கும் பரவின; 1956இல் மத்திய காங்கிரசும் இத்துறையில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. மறுபுறத்தில், விற்ற பொருளின் மறுவிற்பனை விலையை உற்பத்தியாளர் கட்டாயமாக நிர்ணயிப்பது சட்டவிரோதம் என உயர் நீதிமன்றம் 1911இல் விதித்திருந்தது. அவ்விதியை அந்நீதிமன்றம் 2007இலேயே முற்றாகக் கைவிட்டது. இவற்றின் கூட்டு விளைவு யாதெனில், உற்பத்தியாளரால் விலையைப் 'பரிந்துரைக்க' முடிந்ததேயன்றி, அதனைக் கட்டளையிட முடியவில்லை என்பதாகும்.

போருக்குப் பிந்திய தட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பெப்ரவரியில், பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர் முடிந்தபோது மக்களிடம் சேமிப்பு இருந்தது. சந்தையில் வண்டி இல்லை. 1946இன் இறுதியில் அரசின் விலைக்கட்டுப்பாடு நீங்கிய பின்னரும், பெரிய கம்பனிகள் தமது அறிவித்த விலைகளைச் சந்தை தாங்கக்கூடிய அளவுக்கு உயர்த்தவில்லை. பொதுசன அபிப்பிராயத்தையும் நெடுங்கால நற்பெயரையும் அவை கருத்திற்கொள்ள வேண்டியிருந்தது.

உற்பத்தியாளர் பெறாது விட்ட அவ்விடைவெளி வேறு கைகளுக்குச் சென்றது. வேண்டாத துணைப்பொருள்களையும் சேர்த்து வாங்குமாறு சில முகவர்கள் வற்புறுத்தினர். மாற்றாகக் கொடுக்கப்பட்ட பழைய வண்டியை மிகக் குறைவாக மதிப்பிட்டனர். பட்டியல் விலைக்கு வாங்கியவர் சிலர், சில மைல் மட்டுமே ஓடிய வண்டியைப் 'பழைய வண்டி' என்னும் பெயரிற் புது வண்டியிலும் கூடிய விலைக்கு விற்றனர். இதனைத் தடுக்கும் பொருட்டு, குறித்த காலத்துக்குள் வண்டியை மறுவிற்பனை செய்வதில்லை என வாங்குவோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கும் வழக்கமும் தோன்றியது. அறிவித்த விலை சந்தை நிலைக்குக் கீழே நிற்கும்போது எஞ்சும் தொகை மறைந்துவிடுவதில்லை. அதனை யார் பெறுவது என்ற போட்டியே தொடங்குகின்றது என்பதை அக்காலம் காட்டிற்று.

1958ஆம் ஆண்டுச் சட்டம்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1955இல் ஏறத்தாழ 79 இலட்சம் கார்கள் உற்பத்தியாகிச் சந்தை நிரம்பியது. இப்போது ஏமாற்று வேறு வடிவம் கொண்டது. முகவர் தொடக்க விலையை இரகசியமாக உயர்த்திக் கூறி, அவ்வுயர்வையே பழைய வண்டிக்குரிய தாராள மதிப்பாகத் திருப்பிக் கொடுப்பதுபோற் காட்டினார். உண்மையான விலை யாதென வாங்குவோர் அறிய வழியிருக்கவில்லை.

ஒக்லஹோமாவைச் சேர்ந்த செனற்றர் மொன்றோனி இதற்கெதிராக முன்னின்று கொணர்ந்த சட்டம், 1958 யூலையில் ஜனாதிபதி ஐசனோவரின் ஒப்பத்தைப் பெற்றது. வண்டியின் அடிப்படை விலை, ஒவ்வொரு துணைப்பொருளின் விலை, போக்குவரத்துக் கட்டணம், மொத்தத் தொகை ஆகியன காட்டும் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டுதல் உற்பத்தியாளரின் கடமையாயிற்று. இன்றும் அச்சீட்டு அச்செனற்றரின் பெயராலேயே வழங்குகின்றது.

இச்சட்டத்தின் எல்லைகள் இரண்டு மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, அது விலையைப் பகிரங்கப்படுத்தியதேயன்றிக் கட்டுப்படுத்தவில்லை. சீட்டிலுள்ள தொகைக்கு மேலே கேட்பதை அது தடுக்கவில்லை. கேட்பது மேலதிகம் என்பதை வாங்குவோருக்கு உணர்த்தியது, அவ்வளவே. இரண்டாவது, அச்சட்டம் 'பயணிகள் கார்', 'ஸ்டேஷன் வேகன்' என்பவற்றையே பெயர் குறித்துக் கூறியது. பிக்கப் வண்டி அக்காலத்திற் கலப்பையைப் போன்ற ஒரு தொழிற்கருவி. அதனை வாங்குவோருக்குக் குடும்பக் கார் வாங்குவோருக்குரிய பாதுகாப்பு வேண்டுமென எவரும் எண்ணவில்லை. பிற்காலத்திற் பிக்கப் வண்டிகளிலும் விலைச்சீட்டு வழக்கமாயிற்று. ஆயினும் சட்டத்தின் சொற்களில், 1958இல் அவ்வண்டி வகித்த சமூக நிலை பதிந்து கிடக்கின்றது.

அரண் சூழ்ந்த சந்தை

அறுபதுகளிலே பிக்கப் வண்டிச் சந்தையைச் சுற்றி ஓர் அரண் எழுந்தது. அதன் தோற்றத்துக்கும் வண்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 1962இல் ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சி மீது விதித்த வரிக்குப் பதிலடியாக, ஜனாதிபதி ஜோன்சன் 1963 டிசெம்பரில் உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ட்ரக்குகள் ஆகியவற்றுக்கு 25 சதவீத இறக்குமதி வரி விதித்தார். ஏனையவற்றின் மீதான வரி காலப்போக்கிற் கைவிடப்பட்டது. ட்ரக் வரியோ அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இத்தடையைக் கடக்க விரும்பிய அந்நியக் கம்பனிகள் அங்கேயே ஆலை அமைக்க வேண்டியதாயிற்று. நிசான் கம்பனியின் டெனசி ஆலை 1983இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அங்கிருந்து முதலில் வெளிவந்தது ஒரு பிக்கப் வண்டியே.

எழுபதுகளின் சட்டங்களும் இதே திசையிற் செயற்பட்டன. எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எரிபொருட் சிக்கன விதிகள் வந்தன. இலகு ட்ரக்குகளுக்குக் கார்களிலும் தளர்ந்த அளவுகோலே விதிக்கப்பட்டது. 1978இல் எரிபொருளை மிகுதியாக உறிஞ்சும் கார்கள்மீது தனிவரி விதிக்கப்பட்டபோதும் ட்ரக்குகள் விலக்குப் பெற்றன. கருவிக்கு அளிக்கப்பட்ட இச்சலுகைகள், கருவியல்லாத நோக்கத்துக்காக அவ்வண்டியை வாங்குவோருக்கும் கிட்டின. பெரிய கார்கள் அருகிய இடத்தைப் பெரிய ட்ரக்குகள் நிரப்பின. 1948இல் தொடங்கிய ஃபோர்டின் 'எஃப்' வரிசை, 1977 முதல் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் வண்டியாகவும், எண்பதுகளின் தொடக்கம் முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் வாகனமாகவும் விளங்கியது.

கருவி ஆடம்பரமான விதம்

ஆடம்பரத்தின் வருகையில் ஒரு நுட்பம் உண்டு. லிங்கன் கம்பனி 2002இல் 'பிளாக்வுட்' என்னும் பிக்கப் வண்டியை 50,000 டொலருக்கு மேற்பட்ட விலையில் வெளியிட்டது. அதன் பின்பெட்டியிலே கம்பளம் விரிக்கப்பட்டிருந்தது! சுமை ஏற்ற இயலாத அவ்வண்டி சில ஆயிரம் மட்டுமே விற்று, அமெரிக்கச் சந்தையில் ஓராண்டுடன் மறைந்தது. ஆனால் அதே காலத்தில், டெக்சாசின் புகழ்பெற்ற மாட்டுப்பண்ணையான 'கிங் ராஞ்ச்' பெயரால், ஃபோர்ட் தனது உழைப்பு வண்டியிலேயே உயர்ரகத் தோலாசனங்களைப் பொருத்தி விற்றது, அது வேரூன்றியது. வாங்குவோர் விரும்பியது ஆடம்பரத்தை மட்டுமன்று. உழைப்பின் சின்னத்தை அணிந்த ஆடம்பரத்தையே அவர்கள் விரும்பினர்.

வரிச் சட்டமும் துணைநின்றது. 6,000 இறாத்தலுக்கு மேற்பட்ட மொத்த எடைத்தகுதி கொண்ட வாகனத்தைத் தொழிலுக்கென வாங்குவோர், அதன் விலையில் 1,00,000 டொலர் வரை முதலாண்டிலேயே வருமானத்திலிருந்து கழிக்கலாம் என 2003இல் விதி தளர்ந்தது. மறு ஆண்டு பெரிய ஜீப் வகைகளுக்கு இவ்வெல்லை 25,000 டொலராகக் குறைக்கப்பட்டபோதும், ஆறடிக்குக் குறையாத பின்பெட்டியுடைய பிக்கப் வண்டிகள் அக்கட்டுப்பாட்டினுள் அகப்படவில்லை. ஆறும் ஏழும் ஆண்டுகளாக நீண்ட கடன் தவணைகள், மொத்த விலையை மாதத் தொகைக்குள் மறைத்தன. இவ்வாறு கருவியின் விலையை, அதனைக் கருவியாகக் கொள்ளாதவரின் விருப்பமே நிர்ணயிக்கும் நிலை படிப்படியாக உருவாயிற்று.

2021இன் நெருக்கடி

2020இன் பெருந்தொற்றைத் தொடர்ந்து குறைகடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கிடைத்த சில்லுகளை உற்பத்தியாளர்கள் இலாபம் மிகுந்த ட்ரக்குகளுக்கே முதலில் ஒதுக்கினர். அப்படியிருந்தும் கென்டக்கியின் பந்தயத் திடலொன்றில், சில்லுகளை எதிர்பார்த்து ஃபோர்ட் ட்ரக்குகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. எட்மண்ட்ஸ் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2022 ஜனவரியிற் புது வாகனம் வாங்கியோருள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பரிந்துரை விலையிலும் கூடுதலாகக் கொடுத்தனர். இரண்டாண்டுகளுக்கு முன்னர் இவ்விகிதம் ஒரு சதவீதத்தையும் எட்டியிருக்கவில்லை.

ஃபோர்டின் 'லைட்னிங்' மின்சார பிக்கப் வண்டி இதற்குத் தெளிவான உதாரணம். 2021 மே மாதத்தில் அதன் தொடக்க விலை 39,974 டொலர் என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் முன்பதிவுகள் இரண்டு இலட்சத்தை நெருங்கின. சில முகவர்கள் மேல்விலை கேட்டபோது, வண்டி ஒதுக்கீடு வேறிடத்துக்கு மாற்றப்படலாமெனக் கம்பனி எச்சரித்தது. ஓராண்டுக்குள் மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் வாசகத்தை ஒப்பந்தத்திற் சேர்க்கவும் முகவர்களுக்கு இடமளித்தது. 1946இன் வழக்கம் புத்துயிர் பெற்றது எனலாம். ஆனால் முகவரைக் கண்டித்த கம்பனியே பின்னர்த் தனது விலையைப் பலமுறை உயர்த்தியது; 2023 மார்ச்சில் அதே தொடக்க வகை 59,974 டொலராயிற்று. மூலப்பொருள்களின் விலையேற்றம் காரணமாகக் கூறப்பட்டது. முகவர் கேட்டால் மேல்விலை. கம்பனி கேட்டால் அதுவே பரிந்துரை விலை! வாங்குவோர் விலகத் தொடங்கியதும், 2023 யூலையில் விலை ஏறத்தாழ 10,000 டொலர் குறைக்கப்பட்டது. 2025 டிசெம்பரில் அவ்வடிவிலான லைட்னிங் உற்பத்தியை முடிவுக்குக் கொண்டுவருவதாகக் கம்பனி அறிவித்தது.

அரசின் முயற்சியும் இக்கதையின் ஒரு பகுதியே. மத்திய வர்த்தக ஆணைக்குழு, விளம்பர விலையில் ஏமாற்றுவதையும் பயனற்ற மேலதிகங்களைத் திணிப்பதையும் தடைசெய்யும் விதியொன்றை 2023 டிசெம்பரில் வெளியிட்டது. உரிய முன்னறிவித்தல் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்ற காரணத்தால், 2025 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. அந்த விதியுங்கூட, பகிரங்கமாகக் கேட்கப்படும் மேல்விலைக்கு உச்சவரம்பு எதனையும் இடவில்லை.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, மேல்விலை என்பது திடீரென முளைத்த களையன்று. போட்டியைத் தடுத்த இறக்குமதி வரி, கருவிக்கென வழங்கப்பட்டு ஆடம்பரத்துக்குப் பயன்பட்ட சலுகைகள், விலையை வெளிப்படுத்தினாற் போதுமெனக் கருதிய சட்டம், உற்பத்தியாளருக்கும் வாங்குவோருக்குமிடையே தனி வணிகரை நிறுத்திய விற்பனை அமைப்பு ஆகிய யாவும் பல பத்தாண்டுகளாகப் பண்படுத்திய நிலத்திலேயே அது விளைந்தது. தட்டுப்பாடு அதற்கு மழையாக அமைந்தது.

இதனால் மிகுந்த இழப்பு யாருக்கு என்பதே இறுதியிற் கேட்கத்தக்க வினா. தோலாசனத்துக்காக வண்டி வாங்குபவர், விலை கூடினால் ஓராண்டு காத்திருக்கலாம்; அல்லது விரும்பியே கொடுக்கலாம். பழைய வண்டி பழுதுற்ற தச்சரும் விவசாயியும் அவ்வாறு காத்திருக்க இயலாது; ஏனெனில் வண்டி நின்றால் வேலையும் நிற்கும். ஒரே வரிசையில் நிற்கும் இவ்விருவருக்கும் சந்தை ஒரே விலையைக் கூறுகின்றது. 1925இல் 281 டொலருக்கு வாங்கப்பட்ட அவ்வண்டியின் விலையை அதன் உழைப்பு நிர்ணயித்தது. நூறாண்டு கழிந்த பின்னர் அதன் உழைப்பை நம்பி வாழ்பவர், மற்றொருவரின் விருப்பத்துக்குரிய விலையைக் கொடுக்க வேண்டியவராயினர்.