ஏரி இருந்த ஊர்

2015 டிசம்பர் மழையில, சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்க அக்கா வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. அங்கே லேக் வியூ ரோடுன்னு ஒரு ரோடு இருக்கு. ஏரியே இல்லையே, ஏன் இந்தப் பேருன்னு கேட்டேன்.

ஒருகாலத்தில் அங்கே நீளமான பெரிய ஏரி இருந்ததாம். வெள்ளைக்காரங்க லாங் டேங்க்னு சொல்லுவாங்களாம். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினாங்க. ஏரியில தங்கின மழைத்தண்ணி இப்போ மாம்பலம் கால்வாய் வழியா அடையாறு ஆத்துக்குப் போகணும். கால்வாயில குப்பை அடைச்சா தண்ணி வீட்டுக்குள்ளதானே வரும்?

2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசு சொல்லிச்சு. அக்கா வீட்டுக் குழியில மண் மூடிக் கிடந்துச்சு. வெள்ளம் வடிஞ்சதும் தெருப் பெண்கள் சேர்ந்து தூர் வாரினாங்க.

நம்ம ஊர்ல ஏரி இன்னும் இருக்கு. வரத்துக் கால்வாய்தான் தூர்ந்து கிடக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி நாமளே இறங்கிச் சுத்தம் செய்வோம், வாங்க.